ஆள் உயரம்

நான் செய்த முதல் பஸ் ஐந்து அங்குல நீளம். தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே என் அண்ணன் ஓட்டிய நிஜ பஸ் இருபது அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் ஐந்து அங்குலம் வரும். இந்தக் கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என்னிடம் இருந்த மர ஸ்கேலில் கால் அங்குலக் கோடுகள் மட்டும்தான் தேயாமல் கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவுதான். பிறகு அதுவே கைக்குப் பழகிவிட்டது.

அப்போது நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வாரநாட்களில் அங்கே ஓர் அறையில் இருப்பேன். சனிக்கிழமையானால் காமயகவுண்டன்பட்டிக்கு வந்துவிடுவேன். வீட்டில் அண்ணனும் மதினியும் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. பெண் பார்க்க வேண்டிய வயதில் பொம்மை செய்துகொண்டிருக்கிறான் என்று பெரியப்பா என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொம்மை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மைக்கு அளவு கிடையாது. நான் செய்தவற்றுக்கு உண்டு.

கல்யாண முருங்கைக் கட்டைதான் எனக்கு மரம். கத்தி வைத்தால் வெண்டைக்காய் மாதிரி வெட்டுப்படும். பஸ் கூரைக்கு பிஸ்கட் டின் தகரம். கண்ணாடி ஜன்னலுக்கு டூரிங் டாக்கீஸ்காரர் தூக்கிப்போடும் பிலிம் துண்டு. வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் அதிலிருக்கும் முகங்களெல்லாம் கரைந்து போய்த் தகடு பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் துண்டுகளையே கரைத்துப் பசையாக்க ஒரு திரவம் உண்டு. தேனியில் போட்டோ பிடிக்கிற ஒருவர் சின்ன பாட்டிலில் கொடுப்பார். மூடியைத் திறந்தால் வீடு முழுக்கக் கனிந்த வாழைப்பழ வாசம்.

"என்ன கொழுந்தனாரே, பழம் வாங்கி ஒளிச்சு வச்சுத் திங்கிறீகளா?" என்று மதினி அடுப்படியிலிருந்து கேட்பார். கேலி செய்யும்போது கொழுந்தனார். மற்ற நேரம் தம்பி.

பஸ் முடிந்த அன்று அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன். அண்ணன் உயரமான ஆள். எங்கள் வீட்டு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். அந்தப் பெரிய கையில் பஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார், பின்னால் ஏணியைப் பார்த்தார். "ஹாரன் இந்தப் பக்கம்லடா இருக்கும்" என்றார். அது ஒன்றுதான் குற்றம். அன்றைக்கே மாற்றி ஒட்டினேன். மதினிக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"டிரைவரக் காணோமே? ஆளில்லாமயா பஸ் ஓடுது?"

நான் ஆட்களைச் செய்வதில்லை. பஸ்ஸை அளக்கலாம், பாலத்தை அளக்கலாம். ஓர் ஆளை எங்கே தொடங்கி எங்கே அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள்.

எதைச் செய்வது, எதை விடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நானே கையால் அளந்ததைத்தான் செய்வேன். படத்தைப் பார்த்துச் செய்ய மாட்டேன். யாரோ சொன்னதைக் கேட்டும் செய்ய மாட்டேன். கம்பத்தில் ஒரு ரைஸ் மில், வாய்க்கால் மடை, சுருளிப்பட்டிச் சாலையில் ஒரு கல்பாலம், சக்கரம் கழற்றிப் போட்டிருந்த ஒரு மாட்டுவண்டி என்று இப்படித்தான் என் சாமான்கள் சேர்ந்தன. தேர் செய்து தரச் சொல்லிக் கோயில்காரர்கள் வந்தார்கள். மேலே ஏறி அளக்க விடுவீர்களா என்று கேட்டேன். போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆகாய விமானம் கேட்டார்கள். அது தரையிறங்கி எனக்கு முன்னால் நிற்கட்டும், பார்க்கலாம் என்றேன்.

தேனி ரயில் நிலையத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்துகொண்டிருந்தபோது சீருடைக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். யுத்தம் தொடங்கிவிட்ட நேரம். என்னை வேவுக்காரன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தியிருந்த அண்ணன்தான் ஓடி வந்து, "தம்பி வாத்தியாருங்க, கொஞ்சம் கிறுக்கு" என்று சொல்லி மீட்டுக்கொண்டு போனார். கிறுக்கு என்று சொன்னதற்காக வீடு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை. பிறகு யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்க அண்ணன் ஊரில் இல்லை.

அவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். லாரி ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடி ஆள் எடுத்தார்கள். ஏன் சேர்ந்தார் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டபோது, "இந்த ரோட்டையே எத்தன வருசம்டா ஓட்டுறது" என்றார். கப்பல் ஏறப்போவதாக ஒரு கடிதம் வந்தது. மலாய் நாட்டிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்தது. கடிதம் நின்றது.

அண்ணன் திரும்பி வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதைக்காக அதை ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் நின்று சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மதினி என்னிடம் வந்து, "தம்பி, உங்க அண்ணன் போன கப்பலச் செஞ்சு காட்டுவீகளா? நான் கடலையே பாத்ததில்ல" என்றார்.

நான் கப்பலை அளந்ததில்லை என்றேன். புடைக்க வேண்டிய அரிசியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். சரி, கணக்காவது போடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த மாதிரிக் கப்பல் நானூறு அடி இருக்கும் என்று பத்திரிகை படிக்கிற எங்கள் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தார். கால் அங்குலக் கணக்கில் அது நூறு அங்குலம், எட்டடிக்கும் மேல். எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் வைத்தால் அடுப்படிக்குப் போக வழி இருக்காது. இருபத்தைந்து அடிக்கு ஓர் அங்குலம் என்று சுருக்கினால் பதினாறு அங்குலத்தில் அடங்கும். "ஆனா அந்த அளவுல ஒரு ஆளு இந்த அரிசி உயரந்தான் இருப்பாக, மதினி" என்றேன்.

மதினி புடைத்துக்கொண்டிருந்த சுளகிலிருந்து ஓர் அரிசியை எடுத்து விரல் நுனியில் நிறுத்திப் பார்த்தார். "இம்புட்டுத்தானா" என்றார். திரும்பச் சுளகில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

அந்தக் கப்பலை நான் செய்யவில்லை. குத்துமதிப்பில் ஒரு பொருளைச் செய்து இது அந்தக் கப்பல் என்று காட்டுவது பொய் என்று அன்று நினைத்தேன். இன்று நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த அம்மாள் கேட்டது அளவையா?

யுத்தம் முடிந்தது. மலையாள எல்லையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்தேன். ஒருவருக்கும் அண்ணனைத் தெரியவில்லை. பிறகு சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. காணாமல் போனவர், இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று இங்கிலீஷில் இருந்தது. நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன்.

மதினி அழவில்லை. "காணோம்னுதான எழுதியிருக்கான்? காணோம்னா தேடச் சொல்லுங்க" என்றார்.

ஒரு வருஷம் அப்படியே போயிற்று. மதினி பொட்டு வைத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டார். தெருவில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பெரியப்பா மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், உங்கள் பங்காளி வீட்டில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஓர் ஆள் இருக்கிறாரே, அதை முடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். பெரியப்பா கெட்டவர் இல்லை. அவரும் அண்ணனைத் தூக்கி வளர்த்தவர்தான். ஆனால் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்.

உடல் கிடைக்காதவருக்கு எங்கள் பக்கம் வைக்கோலில் ஆள் செய்து, அவருடைய துணியை உடுத்தி, எரித்துவிட்டுக் கருமாதி செய்வார்கள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஆள் உயரத்துக்குச் செய்யணும். கூடக் கொறைய இருக்கக் கூடாது. அளந்து செய்யிறவன் நம்ம வீட்டுலயே இருக்கும்போது வெளியாளு எதுக்கு?"

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எப்படியும் யாரோ செய்யப்போகிறார்கள், கோணல்மாணலாகச் செய்வதற்கு நான் செய்தால் சரியாக இருக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று. அடிக்கு அடி, கணக்கே தேவையில்லாத அளவில் நான் செய்யப்போகும் முதல் பொருள் அது. முதல் ஆளும் அதுதான்.

டேப்பை எடுத்தபோதுதான் உறைத்தது. அண்ணன் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அவர் ஓட்டிய பஸ்ஸின் ஏணிப்படி எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவரை நான் அளந்ததே இல்லை.

மதினியிடம் போனேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். டேப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. இதற்கு அவர் பதில் சொன்னால், செத்துவிட்டார் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. ஊரெல்லாம் கூடியும் ஒரு வருஷமாக அவரிடம் வாங்க முடியாததை நான் ஒரு டேப்பை வைத்துக்கொண்டு வாங்க வந்திருக்கிறேன்.

மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். நிலைக்குப் பக்கத்தில் நேராக நின்று, தன் நெற்றிக்கும் கீழே, காது மட்டத்தில் மரத்தின்மேல் கையை வைத்தார்.

"இம்புட்டு" என்றார்.

"மதினி, அண்ணன் இந்த நெலையில குனிஞ்சுதான வருவாக?"

"நீங்க அளந்தீகளா தம்பி?"

மறைத்து வைத்திருந்த டேப்பை முன்னால் எடுத்தேன்.

"நான் அளந்திருக்கேன். இம்புட்டுத்தான். குறிச்சுக்கிருங்க."

கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. நான் பென்சிலால் அந்த விரலுக்கு மேலே ஒரு கோடு போட்டேன். கோடு போட்ட பிறகுதான் கையை எடுத்துக்கொண்டு திரும்பத் துணி உலர்த்தப் போனார். டேப்பை வைத்துப் பார்த்தேன். நாலடி எட்டு அங்குலம்.

வைக்கோலை அகத்திக் குச்சியில் வைத்து வாழைநாரால் கட்டினேன். ஒரு பகல் முழுக்க ஆனது. கட்டும்போது கை தானாக உயரத்தைக் கூட்டப் பார்த்தது. என் கைக்கு அண்ணனைத் தெரியும். தோள் எங்கே வர வேண்டும், கால் எவ்வளவு நீள வேண்டும் என்று அது இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன். நாலடி எட்டு அங்குலத்துக்கு மேல் ஒரு நூலளவுகூட விடவில்லை.

ஆற்றங்கரையில் பெரியப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த அண்ணன் பஸ் ஓட்டும்போது போடும் காக்கிச் சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கைகள் இரண்டும் சட்டைக்குள் காணாமல் போயின. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏலே, என்னலே இது?" என்றார் பெரியப்பா. "அளந்துதான் செஞ்சியா?"

"அளந்துதான் பெரியப்பா செஞ்சேன்."

என் பிடிவாதம் ஊருக்கே தெரியும். அதனால் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. பெரியப்பா சட்டையின் அடியை உள்ளே மடித்துவிட்டார். தம்பி என்பதால் நான்தான் கொள்ளி வைத்தேன். வைக்கோல் சீக்கிரம் எரிந்துவிட்டது. காக்கித் துணி மட்டும் கொஞ்ச நேரம் புகைந்தது.

ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மதினி அவர்கள் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கொல்லைக்கு வந்தார்.

"சட்ட பொருந்துச்சா தம்பி?"

"பொருந்தல மதினி."

"கொஞ்சமாவது?"

"கொஞ்சங்கூடப் பொருந்தல. முழங்காலுக்குக் கீழ தொங்குச்சு."

"அப்பச் சரி" என்றார் மதினி. துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, காகிதம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதார்.