விஷ்ணுகிராந்தி பூத்த லயம்

பெரகல சந்தியில் வெயிலும் பனிமூட்டமும் மாறி மாறி அடிக்க, பஸ்ஸுக்குப் பஸ் ஓடிப் பச்சிலை விற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எங்கள் தொழிலில் சரக்கு மலையில் சும்மா கிடைக்கும், பதில் சொல்லத்தான் வாய் வலிக்கும். "கசக்குமா?", "சீனி வருத்தத்துக்குக் கேக்குமா?", "மாமியாருக்குக் குடுக்கலாமா?" என்றெல்லாம் கேட்டுவிட்டு, பஸ் கிளம்பியதும் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

நான் விற்பது விஷ்ணுகிராந்தி. மானாப்புல் மலையில் தரையோடு படரும். சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப் பூ. சீரகமும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள், தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள், படிக்கிற பிள்ளைக்கு ஞாபகத்துக்கு நல்லது என்பார்கள். வேரோடு பிடுங்கிக் கட்டினால்தான் யாரும் வாங்குவார்கள். வேர் இல்லாவிட்டால் என் பொழப்பும் இல்லை.

கேட்டுப் பறிப்பது

என் சின்ன மகளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், ஆயாவிடம் விட்டுவிட்டு, ஓரகத்தி ராணி அக்காவோடு முதன்முதலாக மலைக்குப் போனேன். நம் நிழல் செடிமேல் விழக்கூடாதாம். "பறிச்சுக்கட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் கைவைக்க வேண்டுமாம். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்தேன்.

காற்று சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. ராணி அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கேக்குறது நம்ம மரியாத. பதிலுக்கெல்லாம் நிக்காதடி, அதுவும் இந்த எடத்துல."

கட்டம் கட்டமாக

அந்த இடத்துக்கு என்ன என்றால், அதன் அடியில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்று இருக்கிறது. நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே மண் சரிந்து, வரிசை வீடுகள் மொத்தமும் உள்ளே போய்விட்டன. சிலரை எடுத்தார்கள். சிலரைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை. மேலே புல் முளைத்துவிட்டது.

மழையில்லாத மாசம் ஒன்றில், காலையில் மேல் ரோட்டால் ஆட்டோவில் வந்தேன். கீழே பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன். புல்லெல்லாம் கருகிக் கிடக்க, நீலப் பூ மட்டும் கோடு போட்டு நின்றது. நீளமாக ஒரு கோடு, குறுக்கே குறுக்கே கோடுகள், கணக்குக் கொப்பியின் கட்டங்கள் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு காம்பரா, ஒரு வீட்டளவு. சுவர்க் கல் இருந்த இடத்தில் புல் காய்ந்துபோக, கல்லுப் பூமியை விரும்பும் இந்தச் செடி பிடித்துக்கொண்டது என்று என் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். போனில் ஒரு படமும் எடுத்தேன். மத்தியானம் திரும்பும்போது பூவெல்லாம் மூடிவிட்டது. மலை வெறும் மலையாக இருந்தது.

ஆட்டோக்காரத் தம்பி எஞ்சினை நிறுத்தவே இல்லை. "நடுவுல பாத்தீங்களாக்கா, வாசல் கூட்டி வச்ச மாதிரி இருக்கு. காலையில இந்தப் பக்கம் நான் ஹயரே எடுக்கிறதில்ல."

டீச்சரம்மா கொண்டுவந்தது

யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் காய்ச்சலுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். கஷாயத்துக்குக் காய்ச்சல் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மருந்து எடுத்துத்தான் சுகமானது என்றார். சரி, ஏச்சு வரப்போகிறது என்று நின்றேன். அவர் கைப்பையைத் திறந்து, தாளில் மடித்த ஒன்றை எடுத்தார். பச்சைக் கண்ணாடி வளையல், பாதி. வேரைக் கழுவும்போது, வேர் அதைச் சுற்றிப் பிடித்திருந்ததாம். என் சின்னவள் கைக்கு ஆகும் அளவு.

"உம்மட பிள்ளையின்டதோ?" என்றார். ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன். டீச்சர் அதைத் தாளோடு என் கையில் வைத்தார். "அப்பிடியெண்டா மற்றப் பாதியையும் தேடி எடும் பிள்ளை. காலில குத்திப்போடும்."

கழுவாத கட்டு

செல்லம்மாக்கா அந்த லயத்தில் இருந்தவர். சரிவுக்குப் பிறகு கொடுத்த புது வீட்டில் இருக்கிறார். மலைப்பக்கம் போவதே இல்லை. ஆனால் என்னிடம் தவறாமல் ஒரு கட்டு வாங்குவார், அதுவும் கழுவாத கட்டு. "மண்ணோட காய்ச்சினா தொண்டையில நிக்கும்க்கா" என்று நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. வேரை உதறி மண்ணை எடுத்துக்கொண்டு, செடியைத் தூரப் போட்டுவிடுவார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மனசு கேட்காமல் அந்த வளையலை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிதானமாகத் திருப்பிக் கொடுத்தார். "இது பக்கத்து வீட்டுப் புள்ளையோடது. எங்க புள்ளைக்கு செவப்பு."

போன் படம்

அதற்குமேல் மறைக்க முடியாமல் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். செல்லம்மாக்கா போனை முகத்துக்கு அருகில் வைத்து, நீலக் கட்டங்களின்மேல் விரலை வைத்து வீடு வீடாகப் போனார். வாய் பேர் சொல்லிக்கொண்டே வந்தது. லயத்துக்கே பொதுவான தண்ணிப் பீலிக் குழாய் இருந்த பக்கம், கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. அந்தக் காம்பராவில்தான் அவருடைய மகள் இருக்கிறாள், எடுக்கப்படாமல். அங்கேதான் செடி மலையிலேயே அடர்த்தி. போன வாரம்கூட அங்கே சாக்கு நிறையப் பிடுங்கியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை. அதற்கு முன்பு பிடுங்கிய இடங்களே படத்தில் குழி குழியாகத் தெரிந்தன.

இப்போது நல்ல சரக்கு இருக்கும் மூலையைச் சுற்றிப் போய், நோஞ்சான் செடியைக் கட்டிக்கொண்டு வந்து, பஸ் பஸ்ஸாக ஏச்சு வாங்குகிற ஒரே வியாபாரி இந்த ஊவா மாகாணத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அன்று போனைத் திருப்பித் தரும்போது செல்லம்மாக்கா கேட்டது இவ்வளவுதான்: "மத்த எடமெல்லாம் ஒம் பொழப்பு, நான் ஒண்ணும் சொல்லல. இந்தக் காம்பராவுல மட்டும் வேரோட இழுக்காத தங்கச்சி, போர்வைய இழுத்தா அவ முழிச்சுக்குவா."