ஆமெனுக்கு முன்னால்

எங்கள் ராஜபாளையம் சபையில், பாடுகிறவர் வாயை மூடினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். உடனே யாராவது ஆமென் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் என் அக்காதான். கீபோர்டில் நான் இன்னும் நாலு சுரம் வாசித்துக்கொண்டிருப்பேன். அது யார் காதிலும் ஏறாது. பல வருடம் இப்படியே போய் எனக்கும் அலுத்துவிட்டது. குரல் நின்றதும் கையை எடுத்துவிடுவேன். எதற்கு வீண் வேலை.

அக்கா மகள், எனக்கு மருமகள் முறை, சென்னையில் இசை படித்துவிட்டு ஜெர்மன் கலைப்பாடல்களோடு வந்தாள். ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். ஆனால் பாடகி நிறுத்திய பிறகும் பியானோவுக்கு அரைப் பக்கம் மிச்சமிருக்கும். அதற்கு வால் என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். என்னைப் போன்றவனுக்காக எந்தக் காலத்திலோ ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பாட்டையே சொல்லித்தரும் ஜெர்மன் கல்லூரி ஒன்றில் சேர அவளுக்கு ஆசை. பழைய ஜெர்மன் பாட்டு ஒன்று, அதே முறையில் தாய்மொழியில் புதிதாகச் செய்தது ஒன்று. இரண்டையும் வெட்டாமல் ஒரே மூச்சில் படம்பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் பாட்டுக்கு வார்த்தை அவளுடையது, இசை என்னுடையது. ஒரு பெண் வீட்டை விட்டுப் பஸ் ஏறுகிறாள். பஸ் கிளம்பியதும் குரல் நின்றுவிடும். பிறகு வால் மட்டும்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். அங்கே ஒரு சர்ச்சில் சுருதி விலகாத பியானோ இருக்கிறது. சாயங்காலம் ஜெபக்கூட்டம், அதற்குள் முடித்தாக வேண்டும். அக்காவும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெர்மன் பாட்டுக்கு அக்கா வாயே திறக்கவில்லை. எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே. தமிழ்ப் பாட்டில் பஸ் கிளம்பியது, மருமகள் நிறுத்தினாள், நான் வாலில் இறங்கினேன். அக்கா கணீரென்று ஆமென் சொன்னாள்.

போச்சு. மருமகள் செல்போனை நிறுத்தினாள்.

"யம்மா, பாட்டு இன்னும் முடியலை."

"ஏட்டி, நீதான நிறுத்துன?"

"மாமா வாசிக்காவல்லா?"

"அது சும்மா மியூசிக்தான."

எனக்குச் சுருக்கென்றது. மருமகளுக்கோ தொண்டை கட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும் என்றாள். வெளியே போய் இரு என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மருமகள்தான் தடுத்தாள்.

"இருக்கட்டும் மாமா. யம்மா, பஸ் போன பொறவு அவ பாட முடியாதுல்லா? வீட்டுல இருக்கவிய பாடுதாவ. மாமா வாசிக்கது அதான்."

அக்கா தூக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு பாட்டையும் முதலிலிருந்து மறுபடி எடுத்தோம். பஸ் கிளம்பியது, குரல் நின்றது. வாசிக்கிறேனே தவிர என் காது முழுக்க முன் பெஞ்சில்தான் இருந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசிச் சுரம் அடங்கி, மருமகள் செல்போனை நிறுத்திய பிறகும் ஆமென் வரவில்லை.

"இப்ப சொல்லலாம்க்கா," என்றேன்.

"செத்த இருலே," என்றாள். "அவ இன்னும் போகலையே."

இடம் கிடைத்தது. மதுரையில் மருமகளை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாட்டு நின்றதும், எனக்கே ஏனென்று தெரியவில்லை, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டே போனேன். பின் வரிசையில் யாரோ ஆமென் சொன்னார்கள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"செத்த பொறுங்க," என்றாள். "பாட்டு இன்னும் முடியலை."