துலாமாத இடியும் ஸ்ரீகலா டீச்சரின் லேப்டாப்பும்

கேரள எல்லையோரத்துப் பெருங்கடவிளையில் ஸ்ரீகலா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. கணக்கு டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டியும் நடையில் வேகம் குறையாதவள். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் முட்டிக்கொண்டு நின்றால், மணி அடித்த பிறகும் விடமாட்டாள். பிள்ளைகளுக்கு அவளிடம் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. பயம் கொஞ்சம் கூடுதல்.

வீட்டில் அவளும் கணவர் சிவானந்தமும் மட்டும்தான். மகன் சபரீஷ் பெங்களூரில் இருக்கிறான். சிவானந்தம் வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொண்டுபோயிற்று. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்வார். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

மனிதர் வாசிப்புப் பைத்தியம். காலையில் மலையாளப் பத்திரிகை, மத்தியானம் தமிழ் வாரப் பத்திரிகை என்று இருந்தவர். கண் போன பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஸ்ரீகலா வாசித்துக் காட்டுவாள். நாளெல்லாம் வகுப்பில் கத்திய தொண்டை. இடையிடையே ஒரு பத்தியைத் தாண்டி ஓடுவாள். தாண்டியது அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். ஒருநாள், "போதும் கலா, நீ போய்க் கிட" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். பத்திரிகை பிரிக்காமல் மேஜையில் கிடந்தது.

போனில் வாசித்துச் சொல்லும் வசதி உண்டுதான். ஆனால் இந்த எல்லைப்புறத்து மனிதர்கள் ஒரே வரியில் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலுமாக எழுதுகிறவர்கள். ஓய்வு பெற்ற கிளார்க்குகளின் வாட்சப் குழு முழுக்க அப்படித்தான். போனின் குரல் மலையாளத்தைச் சொல்லிவிட்டுத் தமிழ் வந்ததும் விழுங்கிவிடும். கதையின் ருசியான இடம் எப்போதும் விழுங்கிய பகுதியில்தான் இருக்கும்.

அப்போதுதான் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப்பைக் கவனிக்கிற தேவகுமார் சார் ஒரு மென்பொருளைப் பற்றிச் சொன்னார். எழுத்து மாறினால் குரலும் மாறும். வெளிநாட்டில் யாரோ ஒருவர் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு சங்கடம், அது தயாராகக் கிடைக்காது. மூல நிரலை இறக்கி நம் கம்ப்யூட்டரிலேயே கட்டி எடுக்க வேண்டும்.

"கட்டுறதுக்கு முன்ன பைத்தானுக்கு வேண்டிய சாமான்களக் கொஞ்சம் எறக்கணும் டீச்சரே" என்றார் தேவகுமார்.

கொஞ்சமாம்! ஸ்ரீகலா ஒரு கட்டளையைத் தட்டினாள். அது, எனக்கு இன்ன தொகுப்பு வேண்டும் என்றது. அதை இறக்கப் போனால் அதற்கு வேறு இரண்டு வேண்டும் என்றது. அந்த இரண்டில் ஒன்று, பெர்ல் என்று இன்னொரு மொழி இருக்கிறதா என்று கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிவானந்தம் சிரித்துவிட்டார்.

"இது நம்ம ஆபீஸ் ஆக்கும். ஒரு சர்ட்டிபிக்கேட்டுக்கு வந்தவன நாங்க இப்படித்தான் நாலு எடத்துக்கு ஓட்டுவோம்."

அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே இதை முடித்துக் காட்டுவது என்று அவள் தீர்மானித்தாள்.

வீட்டு நெட் மெதுவானது. எல்லாம் இறங்கிக் கட்டி முடிய ஒரு முழுப் பகல் வேண்டும். காலையில் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் வந்து திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து இருக்கும். ஒரு தொகுப்பு கிடைக்கவில்லை, வேலை நின்றுவிட்டது என்று சொல்லும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் இன்னும் மோசம். முந்தைய நாள் பாதி இறங்கிய கோப்பை முழுசு என்று நம்பிக்கொண்டு கட்டப் போய், நடுவழியில் குழம்பி நிற்கும்.

"எல்லாத்தையும் களஞ்சிட்டு முதல்ல இருந்து தொடங்குங்க" என்றார் தேவகுமார். களைந்தாள், தொடங்கினாள். சாயங்காலம் அதே சிவப்பு. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். லைனில் குறையே இல்லை என்றார்கள். கோபம் தலைக்கேறி, அந்த வெளிநாட்டுக்காரருக்கு நறுக்கென்று நாலு வரி இங்கிலீஷில் எழுதினாள். இங்கே சரியாக வேலை செய்கிறது அம்மா, மறுபடி முயன்று பாருங்கள் என்று அவர் பணிவாகப் பதில் எழுதினார். அந்தப் பணிவு அவளை இன்னும் எரித்தது.

"விடு கலா. எனக்கு ரேடியோ உண்டுல்லா" என்றார் சிவானந்தம். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

அது துலாவர்ஷக் காலம், ஐப்பசி மழை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, இடி முழங்கத் தொடங்கும். இந்த ஊரில் இடி கேட்டதும் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். டிவி, பிரிட்ஜ், கேபிள் என்று சுவரில் குத்தியிருக்கிற அத்தனையையும் உருவிப் போடுவார்கள். மின்னல் கம்பி வழியாக வரும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை. பள்ளி இல்லை. காலையிலேயே கட்டளையைக் கொடுத்துவிட்டு ஸ்ரீகலா அடுக்களையில் இருந்தாள். மத்தியானம் கழிந்து மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சிவானந்தம் எழுந்து, சுவரைக் கையால் தொட்டுத் தொட்டு நடந்து, டிவி ப்ளக்கை உருவினார். அடுத்து லேப்டாப்பின் சார்ஜர். அப்புறம் நெட் மோடத்தின் ப்ளக்கையும் அதன் கேபிளையும் உருவி, வயரை அழகாகச் சுருட்டி வைத்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"கெழக்க வெள்ளறடைல முழங்குது. ஒனக்குக் கேக்கல்லியா?"

அவளுக்குக் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பிறகுதான், எங்கோ தூரத்தில் ஒரு உருட்டல் கேட்டது.

"டெய்லி இப்படி உருவுவீங்களா?"

"பின்ன? நீ ஸ்கூலுக்குப் போனா இஞ்ச நோக்க யாரு உண்டு? மழ விட்டதும் திருப்பிக் குத்தி வச்சிருவேன். ஒன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்லா."

ஸ்ரீகலாவின் கையில் கத்தியும் பாதி சீவிய மரச்சீனியும் அப்படியே நின்றன. ஒரு மாதப் பாடு! நெட் கம்பெனியோடு பிடித்த சண்டை, ஒரு பாவமும் அறியாத வெளிநாட்டுக்காரருக்கு எழுதிய ஏச்சு, எல்லாம் கண்முன் வந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தும்விட்டாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு திருப்தி இருந்தது.

போன வருஷம் இதே மாதத்தில் மின்னலில் டிவி போயிற்று. "அப்பா வீட்டிலதானே இருந்தாரு?" என்று சபரீஷ் போனில் கேட்டான். அவன் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் அதைக் கேட்டவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்த வீட்டில் தன்னால் ஆகிற காரியம் என்று அவருக்கு இப்போது மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

"நல்ல காரியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மரச்சீனியை நறுக்கப் போனாள்.

வீட்டுக் காரியத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது அவளுக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை பிடிக்காததைச் செய்தாள், லேப்டாப்பைப் பள்ளிக்குத் தூக்கிப் போனாள். எல்லாவற்றையும் களைந்துவிட்டு, லேப்பின் வேகமான நெட்டில் முதலிலிருந்து தொடங்கினாள். பைத்தான் கேட்டதெல்லாம் வந்தது, பெர்ல் கேட்டதும் வந்தது. மத்தியானச் சோற்று மணிக்கு முன்னால் குரல் தயார்.

"இத்தன நாளு என்னதான் கொழப்பம் டீச்சரே?" என்று கேட்டார் தேவகுமார்.

"நெட்டுதான் சாரே" என்றாள். அந்த வெளிநாட்டுக்காரருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அவருக்கும் காரணத்தைச் சொல்லவில்லை.

வாட்சப் குழுவில் சிவானந்தம் வாசிக்காமல் விட்ட பழைய செய்திகளையெல்லாம் இறக்கி லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். கிளார்க்காக இருந்தவருக்குக் கீபோர்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வரியை மலையாளக் குரல் தொடங்கியது, நடுவில் தமிழ்க் குரல் ஏற்றுக்கொண்டது. அவர் அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

அந்த வாரமே ஒருநாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இடி தலைக்கு மேலேயே வெட்டியது. குடையை மடக்கிக்கொண்டு ஸ்ரீகலா வீட்டுக்குள் நுழைந்தால், கரண்ட் இல்லாத அறையில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். சுவரில் மோடம் கறுத்துப்போய் இருந்தது. ப்ளக்கும் கேபிளும் குத்தியது குத்தியபடி இருந்தன. கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்து, காதில் ஹெட்போனோடு, சிவானந்தம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டாள். ஹெட்போனை எடுத்தவர் மழைச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார். மூக்கு விடைத்தது. எழுந்து சுவரைத் தடவிப் போய் மோடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இடி வெட்டிச்சா?"

"நல்லா வெட்டிச்சு."

"நான் கேக்கல்லியே கலா..." குரல் உடைந்துவிட்டது. "வீட்டிலதான் இருந்தேன். கேக்கல்லியே."

இனி மறைத்து வைக்க அவளால் முடியவில்லை. அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மத்தியானந்தோறும் அவர் உருவிய கேபிள், பாதியில் நின்ற கோப்புகள், சிவப்பு எழுத்து, எதையும் விடவில்லை.

"ஒரு மாசம் இடியக் கேட்டு இதக் கெடுத்தீங்க. இன்னைக்கு இதக் கேட்டு இடிய விட்டீங்க. ஒரு மோடம் போனாப் போகுது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

சிவானந்தம் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்பம் அந்த வெளிநாட்டுக்காரனுக்கு நீ எழுதின ஏச்சு?"

"உங்களுக்குள்ளதுதான். அவரு வாங்கிக் கெட்டினாரு."

அவர் சிரிக்கத் தொடங்கினார், அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கட்டிலைத் தடவி ஹெட்போனைத் தேடினார். "வில்லேஜாபீசருக்க பசு காணாமப் போன கத, பாதியில நிக்குது" என்று சொல்லிக் காதில் மாட்டிக்கொண்டார்.

கிழக்கே மறுபடியும் முழங்கியது. ஸ்ரீகலா எழுந்து போய், செத்த மோடத்தின் ப்ளக்கை உருவி, வயரை அவரைப் போலவே சுருட்டி வைத்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.