எதிர்த்திசையில் வந்தவன்

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. இலேசான பனி, மலை உச்சி தெரியவில்லை. சேலத்துக்கு வடக்கே, மலையடிவாரக் காப்புக்காட்டில் நடப்பதற்கென்று ஒரு வட்டப்பாதை போட்டிருக்கிறார்கள். கேட்டில் தொடங்கி, காட்டைச் சுற்றி, அதே கேட்டில் வந்து முடியும். ஓரத்தில் எண் போட்ட கற்கள், மொத்தம் இருபது. ஆட்டையாம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி நானும் என் மனைவியும் அங்கே போனோம்.

அவளுக்கு மறதி நோய். மூன்று வருடமாக ஆட்களின் முகம் வந்து வந்து போகிறது. என் முகமும்தான். அவள் மறக்கும்போது மறுத்துப் பேசினால் பயந்து நடுங்குவாள், அதனால் அவள் போக்கிலேயே பேசுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்தால் நல்லது என்றும் சொன்னார். அதற்காகத்தான் போனது.

கையைப் பிடித்தபடியே நடந்தோம். ஏழாவது கல்லருகே எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. நான் சர்க்கரைக்காரன், அடக்க முடியாது. அவளைக் கல்லின்மேல் உட்காரவைத்துவிட்டு ஒரு புதருக்குப் பின்னால் போனேன். இரண்டு நிமிடம் இருக்குமா? திரும்பி வந்தால் கல் மட்டும் இருந்தது.

ஒன்பதாவது கல்வரை ஓடிப் பார்த்தேன். இல்லை. பாதையை விட்டு இறங்கியிருந்தால்? அந்தப் பக்கம் பாறைக்குழி வேறு இருக்கிறது. வந்த வழியே கேட்டுக்குத் திரும்பினேன். அங்கிருந்த காவலர் என் மகன் வயதுக்காரர். அம்மா வெளியே வரவில்லை என்று உறுதியாகச் சொன்னார். எனக்குப் பேச்சு குழறியது.

"வட்டந்தானுங்களே ஐயா. நான் முன்பக்கமாப் போறேன், நீங்க முடியற பக்கத்திலிருந்து உள்ள போங்க. நடுவுல எங்கயாச்சும் இருப்பாங்க" என்றார்.

அப்படித்தான் இருபதாவது கல்லிலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டு நடந்தேன். பதினைந்தாவது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே முதலில் பேசினாள்.

"பாத்து வாங்க சாமி. மண்ணு சறுக்குது."

யாரோ ஒரு கிழவனிடம் பேசுகிற குரல். அவள் கணக்கில் புருஷன் பின்னால் வந்துகொண்டிருக்கிறான். நான் முன்னாலிருந்து வருகிறேன். நான் அவனாக இருக்க முடியாதல்லவா? டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு பின்னால வாராருங்க. கல்லு, மரம் எல்லாம் எண்ணிப்போட்டுத்தான் வருவாரு. அந்த மனுசனுக்கு அதுதான் பொழப்பு."

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணி ஸ்டோர் பார்த்தவன் நான். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"பேரைச் சொல்லுங்க, நான் கூப்பிட்டுப் பாக்கறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். கல்யாணமாகி நாற்பத்தேழு வருடம். அவள் வாயால் என் பேரை நான் கேட்டதே இல்லை. அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பாதையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"அவரு காதுல உழுந்துறக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாக, முழுப் பேரையும் சொன்னாள்.

நான் கூப்பிடவில்லை.

அதற்குள் காவலர் வந்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டு, "ஐயா கேட்டுல நிக்கறாருங்கம்மா, வாங்க போலாம்" என்று அவளை அழைத்துப்போனார். நான் பத்தடி பின்னால், வழிப்போக்கனைப்போல நடந்தேன். கேட்டில் அவள் தேடினாள், திரும்பினாள், என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே டீ குடிக்கும்போது, என் பேரை ஒரு தடவை சொல்லேன் என்று கெஞ்சினேன். "வயசான காலத்துல என்ன பேச்சு இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒன்பது முறை போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் பதினைந்தாவது கல் பெஞ்சில் அந்தக் காவலரின் துணையோடு அவளை உட்காரவைத்துவிட்டு, நான் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வருகிறேன். ஒவ்வொரு முறையும் என்னை அடையாளம் கண்டு, "வந்துட்டீங்களா" என்கிறாள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்த மாதமும் போகத்தான் போகிறேன். நுழைவு டிக்கெட், எனக்கு மட்டும் பஸ் (அவளுக்கு இலவசம்), இரண்டு டீ என்று ஒரு நடைக்கு நூற்று இருபத்து நான்கு ரூபாய். என் பேரை அவள் குரலில் ஒரே ஒரு தடவை கேட்டதற்கு இதுவரை ஆகியிருப்பது ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.