ஏழு நாள் கடிதம்

எனக்குப் பொறுமை குறைவு. இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கடிதத்தில் ஏழு நாள் என்று போட்டது மென்பொருள் இல்லை, நான்தான்.

திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் அனுமதிப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று கதிரை. எங்களிடம் எல்லாரும் கேட்டு வருவது தாதி உதவியாளர் பயிற்சி. வார்ட்டில் வேலை பழகுவதற்கு வைத்தியசாலை எங்களிடமிருந்து இருபது பேரைத்தான் எடுக்கும். ஆகவே இருபது இடம்தான் இருக்கிறது, தலைகீழாக நின்றாலும் இருபத்தொன்று கிடையாது.

முன்னரெல்லாம் தெரிவானவர்களுக்குத் தபாலில் கடிதம் போடுவோம். பிறகு நான் ஒவ்வொருவருக்கும் போன் எடுப்பேன். "ஓம் மிஸ், வாறம்" என்பார்கள். வகுப்புத் தொடங்குகிற அன்று பார்த்தால் மூன்று கதிரை வெறுமையாகக் கிடக்கும். வரமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு வாய் வராது. காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைகளைக் கூப்பிட அதற்குமேல் நேரம் இராது. நிலையத்தின் பணிப்பாளர் பிடிப்பது என்னைத்தான். வருடா வருடம் இதே கூத்து.

அதனால் மாணவர் சேர்ப்புக்குப் புதிய மென்பொருள் வருகிறது என்றபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடிதத்தை ஒருமுறை எழுதி வைத்தால் போதும், பெயரும் பாடநெறியும் திகதியும் தானாக வந்து விழும், கடிதம் மின்னஞ்சலில் போகும், பதிலும் அப்படியே வரும். கொழும்பிலிருந்து ஒரு தம்பி இரண்டு பின்னேரம் போனில் பழக்கினார். மூன்று மாதிரிக் கடிதங்கள் செய்தேன். முதலாவது, உங்களுக்கு இடம் உண்டு. இரண்டாவது, பரீட்சைச் சான்றிதழைக் காட்டினால் இடம் உண்டு. மூன்றாவது, காத்திருங்கள். பரிசோதித்துப் பார்க்க என் பெயரையே கொடுத்தேன். முதல் தடவை 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் பெயர் விழாமல் இரண்டு அடைப்புக்குறி மட்டும் நின்றன. நாலாந்தடவை சரியாக வந்தது. லிங்கநகர் வீட்டில் அன்று பின்னேரம் கணவரிடம் காட்டினேன், எனக்குத் தாதிப் பயிற்சி கிடைத்திருக்கிறது என்று. "நல்லது, போய்ப் படிச்சிட்டு வாரும், குசினியை நான் பாக்கிறன்" என்றார். சமையலறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்ததே பெரிய விடயம்.

அந்த மென்பொருளில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கடிதம் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று அதில் போடவேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் இடத்தைத் தானாகவே காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடவும் அதற்குச் சொல்லி வைக்கலாம். நான் ஏழு என்று போட்டேன், அடுத்தவருக்குக் கொடு என்றும் சொல்லி வைத்தேன்.

"ஏழு நாள் காணுமோ அக்கா? மற்ற இடங்களில பதினாலு போடுறவை" என்றார் அந்தத் தம்பி.

"விருப்பமான ஆளுக்கு ஏழு நிமிசம் காணும்" என்றேன். இப்படி வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டு என்னை நானே மெச்சிக்கொள்ளுகிற பழக்கம் எனக்கு உண்டு.

விண்ணப்பங்களைச் சரிபார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. வெருகல் பக்கமிருந்து வந்த ஆறு விண்ணப்பத்திலும் ஒரே மின்னஞ்சல், ஒரே போன் நம்பர். அது அங்குள்ள ஒரு கொமினிகேசன் கடையினுடையது. போட்டோப்பிரதி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அந்த மாதிரிக் கடைகளில்தான். பிள்ளைகளிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுவிடுவார். பதில் வந்தால் ஆளனுப்பிச் சொல்லுவார். ஊரில் அதை யாரும் பிழையாக நினைப்பதில்லை, இவ்வளவு காலமும் அது ஒழுங்காகத்தான் நடந்தது. எனக்கோ எரிச்சல். படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறக்கத் தெரியாதா, தெரியாவிட்டால் பட்டுப் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரே மின்னஞ்சல் இரண்டு விண்ணப்பத்தில் வந்தாலே உடனே போனை எடுத்து விசாரிக்கிறேன். அப்போது விசாரிக்கவில்லை.

கடிதங்கள் போயின. இரண்டு நாளில் பாதிப் பேருக்குமேல் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள். ஏழாம் நாள் முடியும்போது ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அடுத்த நாள் காலை நான் வந்து கணினியைத் திறக்குமுன்பே மென்பொருள் அதைக் குச்சவெளிப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்திருந்தது, அவளும் ஏற்றுக்கொண்டிருந்தாள். போன் இல்லை, கெஞ்சல் இல்லை, பணிப்பாளரின் முகம் பார்க்கிற தேவை இல்லை. இப்படி ஒரு நிம்மதியான சேர்ப்பு எனக்கு வாய்த்ததே கிடையாது.

அதற்கு மறுநாள், ஒன்பதாம் நாள் காலை, ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வாசலை மறித்துப் படுத்திருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வெருகலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகத் தாய் சொன்னார். மகளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சான்றிதழ்கள் வைத்த கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடிதம் ஒண்டும் வரேல்லை மிஸ்" என்றார் தாய். "விண்ணப்பம் போட்டுத் தந்த கடைக்காரத் தம்பியும் பத்து நாளாக் கடை திறக்கேல்லை. மாமியாரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினமாம். அதுதான் நேர வந்து கேட்டுப்போவம் எண்டு வந்தனாங்கள். எடுபடாட்டியும் சொல்லிப்போடுங்கோ. கார்மென்ட்ஸில சேர்க்க வாற திங்கள் கூட்டிக்கொண்டு போறதெண்டு இவவின்ர சித்தி வந்து நிக்கிறா."

அடையாள அட்டை நம்பரை அடித்தேன். அந்தப் பிள்ளையின் பதிவு திரையில் வந்தது. வெருகல் பக்கத்து ஆறு பேரில் தெரிவானது இவள் ஒருத்திதான், பட்டியலில் பதினோராவது. கடிதம் அனுப்பப்பட்டது, பதில் இல்லை, இடம் மாற்றப்பட்டது.

எடுபடவில்லை, தெரிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர்கள் எழும்பிப் போயிருப்பார்கள், என்னில் ஒரு பிழையும் ஒட்டியிராது. ஆனால் அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எடுபட்டிருக்கிறீங்கள் பிள்ளை" என்றேன். அவள் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியுமுன் மிச்சத்தையும் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். தாய்க்கு முதலில் விளங்கவில்லை, இரண்டாந்தரமும் சொன்னேன்.

இருவரையும் இருத்திவிட்டுப் பணிப்பாளரிடம் ஓடினேன். "இருபத்தோராவது ஆளை ஆஸ்பத்திரியில வார்ட்டுக்குள்ள விடமாட்டினம், உங்களுக்குத் தெரியாததோ?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குச்சவெளிப் பிள்ளை இன்னும் வந்து பதியேல்லைத்தானே. அந்தக் கடிதத்தை நீங்கள் மீளப்பெறலாம். செய்யிறதும் விடுறதும் உங்கட விருப்பம்" என்றார்.

மீளப்பெறுவதற்கும் மென்பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் வெருகல் பிள்ளைக்கு இடம் திரும்பிவிடும். அதற்கு முன் மற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று, அந்த இருவருக்கும் முன்னாலேயே குச்சவெளிக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மிஸ், நான் தையல் அக்கா வீட்டில நிக்கிறன். யூனிபோமுக்கு அளவு குடுக்கிறன். அம்மாவும் நிக்கிறா. சொல்லுங்கோ மிஸ்."

அவளுடைய குரல் போனுக்கு வெளியேயும் நன்றாகக் கேட்டது. நான் என்ன சொல்ல எடுத்தேனோ அதைச் சொல்ல என்னால் ஏலாமல் போனது.

"ஒண்டுமில்லை பிள்ளை. வரேக்க சான்றிதழின்ர மூலப்பிரதியையும் கொண்டுவாங்கோ" என்று வைத்துவிட்டேன்.

தாய் தலையைக் குனிந்துகொண்டார். இருந்த வெட்கத்தில் நானாகவே கதைக்கத் தொடங்கினேன். "பிழை என்னிலதான். உங்களிலையும் இல்லை, அந்தக் கடைக்காரரிலையும் இல்லை. ஏழு நாள் எண்டு போட்டது நான். ஒரு போன் எடுத்திருக்கலாம், எடுக்கேல்லை. அடுத்த முறை போடுங்கோ, நானே தேடிப்பிடிச்சுச் சொல்லுவன்."

"ஓம் மிஸ், போடுவம்" என்றார் தாய். இதே ஓமைப் போனில் எத்தனையோ தரம் கேட்டுக் கோபப்பட்டவள் நான். முன்னால் இருக்கிற ஆளின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லுகிற ஓம் அது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இருவரும் எழும்பினார்கள். பிள்ளை மட்டும் போகாமல் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு அனுப்பின அந்தக் கடிதத்தை ஒருக்காப் பாக்கலாமோ மிஸ்?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். நின்றபடியே முதல் வரியிலிருந்து பணிப்பாளரின் கையொப்பம் வரைக்கும் வாசித்தாள்.

"இதை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரேலுமோ?"

"பிள்ளை, இது செல்லாது. இதைக் காட்டி ஒரு இடத்திலையும் சேர ஏலாது."

"தெரியும் மிஸ். அப்பாவுக்குக் காட்டத்தான். நான் எடுபட்டனான் எண்டு வாயால சொன்னா அவர் நம்பமாட்டார்."

அச்சில் எடுத்தேன். நாள் கடந்த கடிதங்களை அந்த மென்பொருள் சும்மா அச்சடிக்காது. பக்கத்தின் குறுக்கே சாம்பல் நிறத்தில், பெரிய எழுத்தில் 'காலாவதியானது' என்று விழுந்திருந்தது. அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

அவள் தாளை வாங்கி யன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லை மிஸ்" என்றாள். "என்ர பேர் வடிவாத் தெரியுதுதானே."