தெளிவில்லை என்று எழுதிய இடம்

நீதிமன்ற அலுவலகத்தில் அவளை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது அவள் வேலை. பேசுகிறவர் மூச்சுவிட்டால் அங்கே ஒரு கமா போட்டுவிடுவாள். அதனால் வந்த பெயர். முன்பு கல்லூரியில் பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்தவள். எது மூலத்தில் இருந்த சொல், எது படியெடுத்தவரின் கைப்பிழை என்று கண்டுபிடிக்கிற படிப்பு. மாணவர்கள் சேரவில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். இங்கே சேர்ந்து ஒன்றரை வருடம். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகும் என்று பேச்சு.

அந்தப் புதன்கிழமை ஒரு கோப்புக் கட்டைக் கொடுக்க நீதிமன்ற அறைக்குள் போனவள், தான் தட்டச்சு செய்த தாளை அரசு வக்கீல் படிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

கூண்டில் நின்றவர் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற உதவியாளர். அவர் பொறுப்பில் இருந்த பெரியவர் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். இவர்தான் தள்ளிவிட்டார் என்பது வழக்கு. முந்தின நாள் பெரியவரின் மகளோடு உதவியாளர் போனில் பேசியது மகளின் போனிலேயே பதிவாகியிருந்தது. பெரியவர் தட்டைத் தூக்கி எறிந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் சொன்ன வாக்கியம்: "அவரை நான் பார்த்துக்கிறேன்."

இது மிரட்டல்தான் என்றார் வக்கீல். அதற்கு முந்தின வரியில் மகள் பேசியது இருக்கவேண்டும். அங்கே அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று இருந்தது. தான் என்ன கேட்டேன் என்று மகளுக்கும் ஞாபகமில்லை.

அதை எழுதிய நாள் கமாவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு இருபத்திரண்டு பதிவுகள். இதை ஒரே தடவை ஓடவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள். பார்த்துக்கிறேன் என்று தாய் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் ஒன்று, சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சொன்னால் இன்னொன்று. எது என்பது அதற்கு முந்தின கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் அவள் விழுங்கியிருந்தாள். இறுதி வாதம் வெள்ளிக்கிழமை.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, "நீயா போய் மாட்டிக்காதே. அவருக்குத்தான் வக்கீல் இருக்காரே, அவர் பார்த்துக்குவார்" என்றார். சொன்னபிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டாள். நாலாவது தடவை 'தனியா' என்பது பிடிபட்டது. பதினோரு தடவை கேட்டும் வேறெதுவும் பிடிபடவில்லை. உடனே பயம் வந்தது. கேட்கவேண்டும் என்று நினைப்பதால் கேட்கிறதோ? தபால் பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டாள். வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், காதில் விழுவதை மட்டும் எழுதித்தரச் சொன்னாள். அவரும் 'தனியா' என்று எழுதினார். 'பார்த்துக்கிறேன்' என்பதற்குப் பிறகு 'சிரிப்பு' என்றும் எழுதியிருந்தார்.

அதையும் அவள் விட்டிருந்தாள். சின்னச் சிரிப்புதான். ஆனால் அந்த இடத்தில் அது கூண்டில் நிற்பவர் கழுத்துக்கே வந்துவிடலாம். விஷயம் தெரிந்ததும் எழுத்தர் குரலைத் தாழ்த்தி, "சிரிப்பை மட்டும் விட்டுடுங்களேன்" என்றார்.

"விட்டதாலதான் சார் இவ்வளவும்."

இரண்டையும் எழுதி, தவறு தன்னுடையது என்று கையெழுத்திட்டுத் தலைமை எழுத்தரிடம் கொடுத்தாள். நிரந்தரம் ஆகிற நேரத்தில் இது தேவையா என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு உள்ளே நீதிபதிக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் பதிவை ஓடவிட்டார்கள். உதவியாளர் என்ன நினைத்துச் சொன்னார் என்று நீதிபதி அவளைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்றார். கேள்வியில தனியாங்கிற சொல் இருக்கு. அப்புறம் சிரிக்கிறார். அதுவரைக்கும்தான் என்னால சொல்லமுடியும்."

கூண்டிலிருந்தவர் தலை குனிந்தே இருந்தார். சிரிப்பு என்றதும் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பதிவை மறுபடி ஓடவிடச் சொன்னார் நீதிபதி. மகள் எழுந்து நின்றாள். அந்த 'தனியா'வைக் கேட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்திருந்தது.

"நான்தான் கேட்டேன். மறுநாள் அவருக்கு லீவு. அப்பா தனியா இருப்பாரேன்னு கேட்டேன். லீவா இருந்தாலும் வந்து பார்த்துக்கிறேன்னார்."

மூன்று வாரம் கழித்து அவரை விடுவித்தார்கள். சிரிப்பு ஏன் என்பதற்குத் தீர்ப்பில் விளக்கம் இல்லை. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது என்று ஒரே ஒரு வரி.

கமாவுக்குக் கவனக்குறைவு என்று மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டுக்காரர் மெமோவை வாங்கிப் படித்தார், திட்டவில்லை. அலுவலகத்தில் புது உத்தரவு போட்டார்கள்: தெளிவில்லை என்று எழுதுமுன் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்கவேண்டும். திங்கட்கிழமை தபால் பிரிவு எழுத்தர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். காது மந்தமாகிக்கொண்டு வருகிற வயசில் தனக்குப் போய் இந்த உத்தியோகமா என்று முனகியபடி உட்கார்ந்தார்.