இரண்டாம் புத்தகத்தில் அவள் திரும்பி வருவாளா?

போன மாதம் ஒரு போன். என் நம்பரைப் பதிப்பகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார் அந்த அம்மா.

"சார், உங்க புக்கப் படிச்சிட்டு எம் பொண்ணு காலேஜுக்குப் போவ மாட்டேங்கிறா. நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க."

வாசகர்களிடம் திட்டு வாங்கிப் பழகியவன்தான் நான். ஆனால் இப்படி ஒரு குற்றச்சாட்டு... புதுசு.

இளைஞர்களுக்காக நான் எழுதிவரும் தொடர் நாவல் பற்றி இந்தப் பக்கத்திலேயே போதுமான அளவு அலட்டிக்கொண்டிருக்கிறேன். வருங்காலக் கதை. ஊருக்கு அடியில் இருப்பதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள். மேலே மனிதர்கள் மட்டும் மிச்சம். முதல் புத்தகத்தின் கடைசியில் நாயகி தன் அம்மாவை விட்டுவிட்டுத் தப்பித்துப் போகிறாள். இரண்டாவதில்? திரும்பி வந்துதானே ஆக வேண்டும் — இல்லாவிட்டால் மூன்றாவது புத்தகத்துக்கு ஆள் ஏது?

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி ஒரு தெரு. வேப்பிலைகூட அங்கே சாம்பல் நிறம். போன் செய்த செல்வியம்மா கட்டிலில் இருந்தார். கணவர் இல்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து யாராவது பிடித்துக்கொண்டால்தான் நடை. மகள் கௌசல்யா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெரம்பலூரில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்தான்.

"அப்புறம் ஏம்மா போக மாட்டேங்கிற?"

"உங்க கதையில அவ அவுங்க அம்மாவ வுட்டுட்டு ஓடுனா பாருங்க... எனக்கு மனசே ஆறல சார்."

அட, அது வெறும் கதைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுரங்கத்தில் சங்கு ஊதியது.

ஷிப்ட் மாறுகிறது போலிருக்கிறது என்று நான் பாட்டுக்கு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கௌசல்யா அடுப்பை அணைத்தாள். அலமாரியில் இருந்த பாத்திரங்களைத் தரையில் இறக்கினாள். அம்மாவின் அக்குளில் கைகொடுத்து நிறுத்தி, மெல்ல நடத்திக்கொண்டு போனாள். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டம்ளரோடயே வாங்க சார். வெடி வைக்கப் போறாங்க. மேலேர்ந்து காரை வுழும்."

தெருவே வேப்பமரத்தடியில் நின்றது. என் நாவலில் சங்கு ஊதினால் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள் — பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இங்கே ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சீரியலில் நேற்று என்ன ஆச்சு என்று விசாரித்தார். வெடித்தது. காலுக்கடியில் தரை குலுங்கியது. என் சட்டையெல்லாம் டீ.

உள்ளே போனால், நான் உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் உள்ளங்கை அகலத்துக்குக் காரை கிடந்தது.

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழமை லீவு சார்."

வேறு ஊருக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். இந்த வீட்டை யார் வாங்குவார்கள் என்று செல்வியம்மா திருப்பிக் கேட்டார். அதுவும் சரிதான்.

கௌசல்யா காரையைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். "மத்தியானம் நான் பெரம்பலூர்ல இருந்தா, அம்மாவ யாரு சார் வெளிய கொண்டாறது?"

"பக்கத்து வூட்டுல சொல்லிக்கலாம்டி."

"அவுங்க வேலைக்குப் போயிட்டா?"

செல்வியம்மா என் பக்கம் திரும்பினார். "சார், ரெண்டாவது புக்குல அந்தப் பொண்ணு திரும்பி வரலன்னு எழுதிடுங்க. அப்பவாச்சும் இவ கெளம்புவா."

கௌசல்யா கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எழுதி முடிச்சாச்சும்மா... வருவா" என்றேன். மூன்றாவது புத்தகத்தில் எல்லாம் சரியாகிவிடும், அம்மாவும் மகளும் பிழைத்துக்கொள்வார்கள் என்று அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

"எங்களுக்கு ஏதுங்க மூணாவது புக்கு?" என்றார் செல்வியம்மா.

காலேஜில் சேரக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கௌசல்யா போகவில்லை.

இரண்டாம் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. மகள் திரும்பி வரும் கட்டம்தான் பிரமாதம் என்கிறார் பதிப்பாளர். எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கவே கூசுகிறது.